தோட்ட வேலியும் கலப்பு மணமும்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன், பஹாவ் வட்டாரத் தோட்டங்களின் வரலாறு எழுதப்படும்போது கூலியும் நோயும் வேலைநிறுத்தமும் விரிவாகப் பேசப்படுகின்றன. இனம் விட்டு இனம் மணந்தோர் அங்கு எங்ஙனம் வாழ்ந்தனர் என்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அவர்கள் பட்ட இன்னல் தனி மனிதரின் வெறுப்பால் மட்டும் விளைந்ததன்று. தோட்டம் அமைக்கப்பட்ட முறையிலேயே அதற்கு வேர் இருந்தது.

தமிழருக்குக் கங்காணியும் லயமும்; சீனருக்கு ஒப்பந்தக்காரரும் கொங்சி வீடும்; மலாய்க்காரருக்கு வேலிக்கு வெளியே கம்பம்; துரைக்குப் பங்களா. வீடும் வேலையும் இவ்வாறு இனவாரியாகப் பிரிந்த இடத்தில், கலப்பு மணம் செய்துகொண்ட இருவருக்கு உரிய வீடு எது? அந்த அமைப்பில் இக்கேள்விக்கு இடமே வைக்கப்படவில்லை. தமிழர் லயங்களும் பல தோட்டங்களில் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை.

துரைமார் நிலை வேறு. புதிதாக வந்த சின்னதுரை முதல் ஒப்பந்தக் காலத்தில் மணம் செய்யலாகாது என்று கம்பெனிகள் பலவும் விதித்திருந்தன. உள்நாட்டுப் பெண்களுடன் மறைவான உறவு கொள்வதை அந்த விதி தடுக்கவில்லை. குடியேற்ற நாட்டு அமைச்சர் குரு பிரபு 1909இல் விடுத்த இரகசியச் சுற்றறிக்கை அத்தகைய உறவைக் கண்டித்தது. ஆயினும் அது அரசாங்க அதிகாரிகளுக்கு விடுக்கப்பட்டதே தவிர, கம்பெனித் துரைமாரைக் கட்டுப்படுத்தவில்லை. வெள்ளையர் சமூகத்தில் உள்நாட்டுப் பெண்ணை மணப்பதே பேரிழுக்கு; வைத்துக்கொள்வது அத்துணை இழுக்கன்று. இதன் சுமை பெண்ணின் மீதும் பிள்ளையின் மீதும் விழுந்தது. 1941இல் அண்டை மாநிலமான சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் துரைமாரும் மேலாட்களும் முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும் என்பதும் ஒன்று.

அதே 1909இல் இம்மாநிலத்தில் வழக்காற்று நிலவுரிமைச் சட்டம் வந்தது. வேலிக்கு அப்பால், மினாங்கபாவ் வழிவந்த மலாய்க்காரரிடையே நிலவிய 'அடாட் பெர்பாதே' என்னும் தாய்வழி முறைக்குரிய நிலம் குலத்துக்கு வெளியே போகாமல் அச்சட்டம் காத்தது. ஆனால் அந்த முறையிலேயே ஒரு வாயிலும் உண்டு. குலமில்லாத அயலாரைச் சடங்கும் விருந்தும் நடத்திக் குலத்தில் சேர்த்துக்கொள்வர். இதற்குக் 'கெடிம்' என்று பெயர். ஒரே குலத்துக்குள் மணம் கூடாதாகையால், மணமகளாக வரும் அயற்பெண்ணைக் கணவன் குலமல்லாத வேறொரு குலம் மகளாக ஏற்கவேண்டும். வந்தவளுக்குக் கணவன் வீடு மட்டுமன்றித் தாய்வீடும் கிடைத்துவிடுகிறது! இஸ்லாத்தைத் தழுவினாலன்றி இம்மணம் கூடாது என்பதால் வாயில் குறுகியதே. எனினும் தோட்ட வேலிக்குள் அதுவும் இல்லை.

வேலிக்குள் வேறொரு வழி தானாகவே உண்டாயிற்று. வறுமையாலோ, பிறந்த வேளை ஆகாதென்ற நம்பிக்கையாலோ சீனக் குடும்பங்கள் சில பெண்குழந்தைகளைத் தமிழரிடம் கொடுத்தன. தமிழ்ப் பெயரிட்டு, தமிழ் பேசி, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து வளர்ந்த இப்பெண்கள் தாலி கட்டித் தமிழருக்கே வாழ்க்கைப்பட்டனர். முகத்தைத் தவிர வேற்றுமை ஏதுமில்லை. ஆயினும் சண்டை மூண்டால் 'சீனத்தி' என்ற சொல் வாயில் வந்துவிடும். சாதி கேட்டே பெண் எடுத்தவர்கள் சாதியில்லாத பெண்ணை ஏற்றது வியப்புக்குரியது. இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பெண்கள் குறைவாக இருந்த காலத்தின் பழக்கமும் அதில் கலந்திருக்கலாம்.

சட்டம் பின்னர் இடம் தந்தது. 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் முஸ்லிமல்லாதார் மணங்களை இனம் பாராது பதிவு செய்கிறது. முஸ்லிமை மணப்போர் மதம் மாறியாக வேண்டும் என்ற நிலை மட்டும் மாறவில்லை. பிறக்கும் பிள்ளைக்குப் பொதுவாகத் தந்தையின் இனமே எழுதப்படுகிறது. கம்பத்தில் தாயைக் கேட்கும் வழக்கு. பதிவேட்டில் தந்தையைக் கேட்கும் வழக்கு. தமிழ்த்தாயிடம் தமிழே பேசி வளர்ந்தாலும், தந்தை சீனராயின் பிள்ளை ஏட்டில் சீனரே.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. லயத்துக் குடும்பங்கள் சிரம்பானுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. மலேசிய நகரங்களின் வாடகை வீட்டு விளம்பரங்களில் இன்ன இனத்தார்க்கு மட்டும் என்ற நிபந்தனை இன்றும் காணப்படுகிறது. அதைப் படிக்கும் கலப்புத் தம்பதியர், வீட்டை இருவரில் யார் பெயரில் கேட்பது என்று முதலில் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.