மைசூரிலிருந்து தெப்ராவுக்கு ஒரு கறை

வாக்குச்சாவடிக்குள் நுழைந்தவரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் முதல் எழுத்தர் உரக்கப் படிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் கோடு இழுப்பார்கள். இரண்டாம் எழுத்தர் இடது ஆட்காட்டி விரலில் மை தடவுவார். வாக்குச்சீட்டு கிடைப்பது மூன்றாம் எழுத்தரிடம். மலேசியத் தேர்தலில் இப்போது இது வாடிக்கை. ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவ் தொகுதியின் பள்ளி வகுப்பறைகளிலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த இரண்டாம் எழுத்தரின் மேசைக்கு மைக்குப்பி வந்து சேர்ந்தது 2013-இல்தான். அதற்கு ஐந்தாண்டு முன்பே அது நாட்டுக்குள் வந்துவிட்டது. திறக்க விடாமல் பெட்டியோடு நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறந்த வீடு மைசூர். 1937-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அங்கே அரக்கும் சாயமும் செய்ய ஓர் ஆலை தொடங்கினார். நாடு விடுதலை பெற்றதும் ஆலை அரசின் கைக்குப் போனது. இன்று அதன் பெயர் மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ். மையின் கலவையைக் கண்டது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 1962 பொதுத்தேர்தல் முதல் இந்தியா முழுவதற்கும் மை அனுப்புவது மைசூர் ஆலை. கலவை விவரம் வெளியே சொல்லப்படுவதில்லை. உயிர்ச்சரக்கு மட்டும் ஊரறிந்தது: வெள்ளி நைட்ரேட். அது தோலில் உள்ள உப்போடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகி, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். பிறகு சோப்பு, எண்ணெய், ஸ்பிரிட் எதற்கும் அசையாது. தோலில் இருப்பது சில நாளில் உரிந்து போகும். நகத்தில் இருப்பது நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் போகும். வெளிச்சத்துக்கு அஞ்சும் சரக்கு என்பதால் அடர்நிறக் குப்பியில் அடைக்கிறார்கள்.

கள்ள ஓட்டைத் தடுக்கப் பிறந்த சரக்கு இது. ஒருவன் இன்னொருவனை நம்பாததுதான் இதற்குச் சந்தை. அந்தச் சந்தை பெரிது. கம்போடியா, தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, நேபாளம், மாலத்தீவு, மலேசியா என்று ஆலையின் வாடிக்கையாளர் பட்டியல் நீள்கிறது.

யார் செய்த மையானாலும், போன இடமெல்லாம் அது வம்பையும் கூட்டிக்கொண்டு போனது. 2004 அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் முதல் அதிபர் தேர்தலன்று, சில சாவடிகளில் விரல் மை தேய்த்தால் போகிறது என்று கூச்சல் கிளம்பியது. ஹமீத் கர்சாயை எதிர்த்து நின்றவர்கள் அன்றே தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தார்கள். அடுத்த ஜனவரியில் ஈராக்கில் வாக்களித்தவர்கள் ஊதா விரலைத் தூக்கிக் காட்டிய படங்கள் உலகெங்கும் அச்சாயின. மூன்று நாள் கழித்து, 2005 பிப்ரவரி 2 அன்று, வாஷிங்டனில் அதிபர் புஷ் நாடாளுமன்றத்தில் உரையாற்ற வந்தபோது, அவருடைய குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பலர் தங்கள் விரலிலும் சாயம் தோய்த்துக்கொண்டு வந்து உயர்த்திக் காட்டினார்கள். அமெரிக்காவில் வாக்களிப்பவருக்கு விரல் மை கிடையாது; சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு சின்ன ஒட்டி தருவார்கள், அவ்வளவுதான். போடாத ஓட்டுக்கு விரலில் மை வைத்துக்கொண்டவர்கள் உலகத்திலேயே அவர்கள் மட்டுமாகத்தான் இருக்கும். கள்ள ஓட்டைத் தடுக்கப் பிறந்த மை அங்கே கட்சிக்கொடியாகப் பறந்தது.

மலேசியாவில் மையைக் கேட்டு முதலில் தெருவுக்கு வந்தது, தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே இயக்கம். 2007 நவம்பர் 10 அன்று கோலாலம்பூரில் மஞ்சள் சட்டையோடு திரண்டவர்களின் நான்கு கோரிக்கைகளில் அழியா மை ஒன்று. வாக்காளர் பட்டியலில் செத்தவர் பெயர் இருக்கிறது, ஒரே முகவரியில் பத்துப் பேர் இருக்கிறார்கள், ஆவி வாக்காளர்கள் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள் என்பது எதிர்க்கட்சிகளின் நெடுநாள் புகார். அதே மாதம் 25-ஆம் தேதி மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட ஹிண்ட்ராப் இயக்கத்தின் பேரணி நடந்தது. அந்த இரண்டு பேரணிகளுக்கும் பிறகு தோட்டப்புறத்திலிருந்து தாமான் என்னும் நகரக் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பங்களில் சோற்றுத்தட்டின் முன்னாலேயே கட்சி பிரிந்தது. ஆளும் தேசிய முன்னணியின் கூட்டாளியான மஇகாவுக்கு (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) ஐம்பது வருடம் கிளை நடத்திய அப்பா ஒரு பக்கம், முன்னணியின் தராசுச் சின்னத்துக்கு இனி குத்தமாட்டேன் என்கிற மகன் ஒரு பக்கம். அப்பாவுக்குத் தோட்டத்தில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் வாங்கிக் கொடுத்த கட்சி. மகனுக்கு அதே கோயில் உடைபட்டபோது வாய் திறக்காத கட்சி. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் அந்தச் சண்டை தீராமல் போனதற்குக் காரணம்.

தேர்தல் ஆணையம் மைக்கு ஒப்புக்கொண்டது. இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 47,000 குப்பிகள் வாங்கப்பட்டன. வாக்களிப்பு 2008 மார்ச் 8. அதற்கு நான்கு நாள் முன்பு, மார்ச் 4 அன்று, ஆணையத் தலைவர் அப்துல் ரஷீத் அப்துல் ரஹ்மான் மை கிடையாது என்று அறிவித்தார். தாய்லாந்திலிருந்து யாரோ மையைக் கடத்திவந்து, கிராமத்து மக்களின் விரலில் முன்கூட்டியே தடவி, வாக்களிக்க முடியாமல் செய்யத் திட்டமிட்டிருப்பதாகக் காவல்துறைக்குப் புகார் வந்திருக்கிறதாம். மை இருக்கிறது என்பதற்காக ஒரு குடிமகனின் வாக்குரிமையை மறுக்க அரசமைப்புச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தச் சட்டம் மை வாங்கிய அன்றும் அதே சட்டமாகத்தான் இருந்தது.

எதிர்க்கட்சிகள் கொதித்தன. பெரிய மோசடிக்கு அச்சாரம் என்றன. நான்கு நாள் கழித்து, மையில்லாத அந்தத் தேர்தலில்தான் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. ஐந்து மாநிலங்களில் எதிரணி வென்றது. மையை நிறுத்திய அப்துல் ரஷீத்தின் பிற்காலம் தனிக்கதை. பதவி முடிந்து சில ஆண்டுகள் கழித்து மலாய் உரிமை அமைப்பான பெர்காசாவில் சேர்ந்தார். பிறகு முன்னாள் பிரதமர் மகாதீர் தொடங்கிய பெர்சத்து கட்சிக்குப் போய், எந்த எதிரணி அவரைத் திட்டியதோ அதே அணியின் மேடையில் ஏறினார். மைக்குப்பி கூட இவ்வளவு தூரம் பயணம் போகவில்லை.

2011 ஜூலை 9, 2012 ஏப்ரல் 28 என்று மேலும் இரண்டு பெரிய பேரணிகள், வழக்கறிஞர் அம்பிகா சீனிவாசன் முன்னின்றவை, மையை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தன. நாடாளுமன்றத் தெரிவுக்குழு பரிந்துரைத்தது. விதிமுறை திருத்தப்பட்டது. தொழுகைக்கு முன் கைகால் கழுவும்போது மைக்கு அடியில் தண்ணீர் படுமா என்ற கேள்வி எழுந்து, தடையில்லை என்று சமய அறிஞர்கள் பதில் சொன்னார்கள். இப்படியாக மை சட்டப்படியும் சமயப்படியும் சுத்தமாகி 2013-இல் சாவடிக்குள் நுழைந்தது.

நுழைந்த நாளே மானம் போனது. ஏப்ரல் 30 அன்று காவலர்களும் இராணுவத்தினரும் முன்கூட்டி வாக்களித்தார்கள். ஒரு வாரம் வரை நிற்கும் என்று சொல்லப்பட்ட மை சில மணி நேரத்தில் போய்விட்டது என்று புகார்கள் வந்தன. குப்பியைச் சரியாகக் குலுக்காமல் தடவியிருப்பார்கள் என்றது ஆணையம். நாடு முழுக்க அன்றிரவு இதுதான் சிரிப்பு. இருமல் மருந்தா இது, குலுக்கிவிட்டுக் குடிக்க? மே 5 வாக்களிப்பு நாளன்று வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் செய்த வேலை விரலைத் தேய்த்தது. பாத்திரம் கழுவும் திரவம், வெளுப்பு மருந்து, எலுமிச்சை என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்த்து, தேய்ப்பதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் என்று முகநூலில் ஏற்றினார்கள்.

இங்கேதான் மையின் வாழ்க்கை வரலாற்றில் வேடிக்கையான கட்டம். அது வேதியியல் பொருளாக இருப்பதை விட்டுவிட்டுக் கட்சி உறுப்பினர் ஆகிவிட்டது. மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரே டீயோடு உட்கார்ந்தவர்களிடம் மை அழிந்ததா என்று கேட்டால், அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று தெரிந்துவிடும். தராசுக்காரர் விரலில் அது கல்லில் செதுக்கியது போல நின்றது. எதிரணிக் கட்சியான பிகேஆரின் கண் சின்னத்துக்குப் போட்டவர் விரலில் தண்ணீரைக் கண்டதும் ஓடியது. ஒரே சாவடி, ஒரே குப்பி. விரலை நீட்டி நேரில் காட்டினாலும், நீ என்னத்தைப் போட்டுத் தேய்த்தாயோ என்பார் எதிரில் இருப்பவர். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சாட்சி வேண்டும் என்றுதான் இத்தனை பேரணி நடந்தது. சாட்சி வந்தபோது கண்களும் கட்சிக்கு ஒன்றாகப் பிரிந்திருந்தன.

தெப்ராவ் தொகுதியின் முடிவே இரண்டு பக்கத்துக்கும் பேச இடம் கொடுத்தது. நாடாளுமன்றத்துக்குத் தேசிய முன்னணியில் இருந்த மசீசவின் (மலேசிய சீனர் சங்கம்) கூ சூ சியாங் வென்றார். அதே தொகுதிக்குள் அடங்கிய புத்ரி வங்சா சட்டமன்றத்தில் எதிரணியின் பாஸ் கட்சி வென்றது. அன்று ஜொகூரில் ஒருவர் விரலில் ஒரு முறை மை வைத்து இரண்டு சீட்டு வாங்கினார். இரண்டையும் வெவ்வேறு பக்கம் குத்தியவர்கள் கொஞ்சம் பேராவது இருந்திருக்க வேண்டும். நாட்டளவில் எதிரணிக்கு 50 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு, தேசிய முன்னணிக்கு 222-இல் 133 இடம். தொகுதி எல்லைகளின் ஏற்றத்தாழ்வுதான் இதற்குப் பெரிய காரணம். ஆனால் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது, வரைபடம் விரித்து யாரும் சண்டை போட முடியாது. விரல் தெரியும். முடிவை எதிர்த்து நடந்த கறுப்புச் சட்டைக் கூட்டங்களில் கோபம் மையின் மேல்தான் கொட்டியது.

ஜூன் மாதம் நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஷாஹிடான் காசிம் உண்மையைப் போட்டு உடைத்தார்: மையில் வேதிப்பொருள் இல்லை, உணவுக்குப் போடும் சாயம்தான். வெள்ளி நைட்ரேட் உடம்புக்கு ஆகாது என்ற கவலையில் அதை விலக்கியதாகப் பேச்சு. சுமார் 70 லட்சம் ரிங்கிட் செலவு. ஐம்பது வருடத்துக்கும் மேலாக இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் நகத்தில் வாங்கிக்கொண்டு சோறு பிசைந்து சாப்பிடும் சரக்கை எடுத்துவிட்டு, கேசரிக்குப் போடும் பொடியின் உறவுக்காரனை உள்ளே வைத்திருக்கிறார்கள். சதியா, வெறும் அசட்டையா என்று கேட்டால், என் கணக்கில் அசட்டைதான். சதி செய்பவன் இவ்வளவு சுலபமாக நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆனால் தேர்தல் நடத்துபவரின் அசட்டைக்கும் சதிக்கும் வித்தியாசம் காண்பது தோற்றவரின் வேலை அல்ல.

2018 மே 9, புதன்கிழமை. வார நடுவில் நாள் குறித்ததே வெளியூரில் வேலை செய்பவர்களை வரவிடாமல் செய்யத்தான் என்று எதிரணி குமுறியது; பிறகு பிரதமர் நஜிப் பொது விடுமுறை அறிவித்தார். தெப்ராவுக்கு இது வீட்டு விவகாரம். விடியுமுன் மோட்டாரைக் கிளப்பி ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய், இருட்டிய பின் திரும்புகிறவர்கள் நிறைந்த ஊர் இது. வெளிநாட்டு மலேசியர்களுக்குத் தந்த அஞ்சல் வாக்கு சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அப்போது கிடையாது. பாலம் தாண்டி நேரில் வந்துதான் குத்த வேண்டும். வந்தார்கள். தெப்ராவில் பிகேஆரின் ஸ்டீவன் சூங் வென்றார். தெப்ராவுக்குள் அடங்கிய இன்னொரு சட்டமன்றமான திராமில் அதே கட்சியின் எஸ். கோபாலகிருஷ்ணன். புத்ரி வங்சாவில் பெர்சத்து. நாட்டிலும் ஆட்சி மாறியது.

அன்றோடு மை பற்றிய பேச்சு அடங்கியது. ஐந்தாண்டு முன் எலுமிச்சையும் கையுமாக நின்றவர்கள் யாரும் இந்த முறை விரலைத் தேய்த்துப் பார்க்கவில்லை. நிற்கிற மை, அழிகிற மை எதுவாக இருந்தாலும் வென்றவர்களுக்கு அது நல்ல மைதான். பாலத்தைத் திரும்பக் கடந்தவர்கள் கறை படிந்த விரலோடு சிங்கப்பூர் தொழிற்சாலை வாசலில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

விரலைவிட வேகமாக வெளுத்தது வேறொன்று. 2021 பிப்ரவரி கடைசியில் ஸ்டீவன் சூங் பிகேஆரை விட்டு விலகி, அப்போதைய பிரதமர் முஹிடினுக்கு ஆதரவு தெரிவித்தார். வாக்காளர் இரண்டாம் முறை குத்தக்கூடாது என்று விரலில் மை வைத்த சட்டத்தில், வென்றவர் கட்சி மாறக்கூடாது என்று எதுவும் அப்போது இல்லை. அதற்கான அரசமைப்புத் திருத்தம் 2022-இல்தான் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 19 பொதுத்தேர்தலில் தெப்ராவ் மறுபடி பிகேஆருக்கே, ஜிம்மி புவாவுக்கு, வாக்களித்தது.

அதே ஆண்டு மார்ச் 12 அன்று நடந்த ஜொகூர் மாநிலத் தேர்தல் மையின் பயணத்தில் ஒரு திருப்பம். 18 வயதுப் பிள்ளைகள் முதல்முறையாக விரல் நீட்டினார்கள். புத்ரி வங்சாவில் மூடா கட்சியின் அமிரா ஐஷா வென்றார். சிங்கப்பூரில் இருக்கும் ஜொகூர்க்காரர்களுக்கு அஞ்சல் வாக்கு முதல்முறையாகக் கிடைத்ததும் அந்தத் தேர்தலில்தான். அஞ்சலில் குத்துபவருக்கு மை கிடையாது. இன்னொரு மலேசியர் பக்கத்தில் இருந்து படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும். நவம்பர் பொதுத்தேர்தலில் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கப் பதிந்தவர்கள் பலர், வாக்குச்சீட்டு நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று புகார் சொன்னார்கள். உறை எங்கே நின்றது, தபால்காரர் யார் ஆள், சாட்சி போட்டவர் எந்தக் கட்சி என்று மாமாக் கடை மேசைகளில் இப்போது இதுதான் வாக்குவாதம். மைக்குப்பியை யாரும் கேட்பதில்லை.