மதுரை வட்டார ஆரம்ப சுகாதாரப் பணியில் பண்பாட்டுப் பாதுகாப்பு

நோயாளி ஒருவர் தம் சாதி, மதம், மொழி, பால், தொழில், வழக்கம் ஆகியவற்றின் பொருட்டு இழிவுபடாமல் மருத்துவம் பெறும் நிலையைப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்பர். நியூசிலாந்தின் மவோரி இனத்தைச் சேர்ந்த செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் 1980களின் இறுதியில் இக்கருத்தை உருவாக்கினார். 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் பயிற்சியில் அது இடம்பெற்றது. சேவை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றவரே, கொடுத்தவர் அல்லர் என்பது அதன் உயிர்நாடி. 1978-இல் அல்மா ஆட்டா மாநாடும் ஆரம்ப சுகாதாரம் மக்கள் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கூறியிருந்தது. இச்சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே மதுரை நகரிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் இதே சிக்கல் வேறு பெயர்களில் பேசப்பட்டு வந்தது.

பெண்ணுக்குப் பெண் மருத்துவர்

அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் இங்கு பணியைத் தொடங்கியது. மருந்தகங்கள் வந்த பின்னும் பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டத் தயங்கினர். பேறுகாலத்தில் உயிர் போகும் நிலை வந்தாலும் இத்தயக்கம் நீங்கவில்லை. 1885-இல் பாலின் ரூட், 1895-இல் ஹாரியட் பார்க்கர் ஆகிய பெண் மருத்துவர்கள் மதுரைக்கு வந்ததன் பின்னணி இதுவே. இந்தப் பெண்களை அறியாமை மிக்கவர்கள் என்று எழுதிச் சென்றோர் உண்டு. தனக்கு ஏற்ற மருத்துவர் இல்லாத இடத்திற்குப் போக மறுப்பதில் அறியாமை என்ன இருக்கிறது?

ஊர்களில் பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். குழந்தையை முதலில் கையில் ஏந்தும் அவரையே, வேலை முடிந்ததும் வாசலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கமும் இருந்தது. தீண்டாமை நோயாளியை மட்டுமல்ல, மருத்துவம் செய்பவரையும் தொட்டது என்பது பலரும் கவனிக்காத செய்தி.

சின்னாளபட்டியில் இரண்டு படுக்கைகள்

டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் 1904-இல் பிறந்தவர். மருத்துவராக இருந்த கணவர் இளவயதிலேயே இறந்துபோனார். கைம்பெண்கள் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்க வேண்டிய காலத்தில் அவர் தில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். 1940-இல் கேரளத்தைச் சேர்ந்த காந்தியவாதி கோ. இராமச்சந்திரனை மணந்தார். கைம்பெண் மறுமணம், அதிலும் சாதி கடந்த மணம். ஊரார் பார்வையில் ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

1947-இல் சின்னாளபட்டியில் இரண்டு படுக்கைகளோடு தாய் சேய் மருத்துவமனை ஒன்றை அவர் தொடங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் காந்திகிராமம் உருவாயிற்று. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல்தான். அதுவரை இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. சின்னாளபட்டி நெசவாளர் ஊர். தறியை விட்டு ஒரு நாள் எழுந்தால் அன்றைய கூலி போய்விடும். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் பேருந்து ஏறிச் சென்று, வரிசையில் நின்று, புரியாத சொற்களைக் கேட்டுத் திரும்புவதைவிட வீட்டிலேயே கிடப்பது அவர்களுக்கு எளிதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

காந்திகிராமத்தின் சிறப்பு கட்டடத்தில் இல்லை, ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருந்தது. கஸ்தூரிபா அறக்கட்டளையின் வழியில் கிராமப் பெண்களுக்கே, குறிப்பாகக் கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும், கிராம சேவிகைப் பயிற்சியும் பேறுகாலப் பணிப் பயிற்சியும் தரப்பட்டன. நல்ல காரியங்களில் முன்னால் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட பெண், பிறக்கும் குழந்தையைக் கையில் வாங்கும் இடத்திற்கு வந்தாள்.

1959 முதல் ஆத்தூர் ஒன்றியத்தில் நடந்த சுகாதார முன்னோடித் திட்டம் ஊரார் மதிக்கும் மனிதர்களைக் கொண்டே குடும்பநலச் செய்தியைச் சொல்லிப் பார்த்தது. 1964-இல் காந்திகிராமத்தில் ஊரக சுகாதார நிறுவனம் நிறுவப்பட இவ்வனுபவம் துணை நின்றது. பின்னர் நெருக்கடி நிலைக் காலத்தில் (1975-77) நாடெங்கும் கருத்தடைக்கு இலக்கு எண் வைத்து ஆள் பிடித்தபோது இந்தப் பாடம் மறக்கப்பட்டது. இலக்கு முறை நாடு முழுவதும் கைவிடப்பட 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பதிவேடும் அச்சமும்

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தின் வரலாறு வேறு. பிரமலைக் கள்ளர்கள் மீது ஆங்கிலேய அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தைச் சுமத்தியது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வெளியூர் செல்லச் சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவலர் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. (அரசின் கள்ளர் சீரமைப்புத் துறை திறந்த பள்ளிகள் இன்றும் அப்பெயரோடு நடக்கின்றன. கைரேகைப் பதிவேடும் கரும்பலகையும் ஒரே அரசின் கையிலிருந்து வந்தவை.)

இத்தகைய ஊரில் சுகாதாரப் பணியாளர் கையில் நோட்டோடு வந்து, வீட்டில் எத்தனை பேர், யார் கருவுற்றிருக்கிறார், எத்தனையாவது குழந்தை என்று கேட்டால் எப்படி இருந்திருக்கும்? 1986-இல் 'இந்தியா டுடே' இதழ் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. அதன்பின் ஊரின் பெயரே குற்றத்தின் பெயராயிற்று.

கொலை கொலைதான். பிறந்த பெண் குழந்தையின் உயிரைப் பறிப்பதற்கு வழக்கம், வறுமை, வரதட்சணை என எதுவும் நியாயமாகாது. அக்குழந்தையும் பாதுகாப்புக்கு உரியதே. ஆனால் ஒரு சமூகம் முழுவதையும் கொலைகாரர் என்று சுட்டியபோது, உண்மையில் குழந்தையைக் காப்பாற்றக்கூடியவரின் கை கட்டப்பட்டது. அவர் கிராம சுகாதார செவிலியர். இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பின் மீண்டும் கருவுற்ற தாயை அவர் அடிக்கடி சென்று பார்க்க வேண்டும். அவரைக் காவல்துறையின் ஒற்றராக ஊர் நினைத்துவிட்டால் கதவு திறக்காது. திறக்காத கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் மதுரைக்கும் விரிவடைந்தது. 1990களின் இறுதியில் தருமபுரியில் சுகாதாரத் துறை தெருநாடகக் கலைப்பயணம் நடத்தி ஊரையே பேசவைத்தது. மிரட்டலைவிட இவ்வழி நெடுநாள் பயன் தந்தது என்றே சொல்ல வேண்டும்.

வளைகாப்பு நடந்த சுகாதார நிலையம்

2000களில் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரப் பிரசவச் சேவைக்கென மூன்று செவிலியர் அமர்த்தப்பட்டனர். அதோடு வந்த இரண்டு சிறு மாற்றங்கள் பெரிய பயன் தந்தன. ஒன்று, பேறுகாலத்தில் தாயோ உறவுப் பெண்ணோ உடனிருக்க இசைவு. அதற்குமுன் வலியெடுத்த பெண் உள்ளே தனியாகக் கிடக்க, தாய் வெளித் திண்ணையில் அழுதுகொண்டிருப்பாள். மற்றொன்று, கருவுற்ற தாய்மார் பரிசோதனைக்கு வரும் நாளில் நிலையத்திலேயே வளைகாப்பு நடத்தியது. வீட்டில் செய்ய வசதியில்லாத பெண்களுக்கும் வளையல் அணிவித்து, பல வகைச் சோறு பரிமாறினர். எல்லாத் தெருப் பெண்களும் ஒரே பந்தியில் அமர்ந்தனர். ஊர்ப் பொதுவில் இது எளிதாக நடக்கும் காரியமன்று. வளைகாப்பை வேறு விதமாகச் செய்யும் சமயத்தாரும் இருக்கிறார்களே என்ற கேள்வி எழலாம். குங்குமம் வேண்டாம் என்பவரை வற்புறுத்தாமல் வளையலோடும் விருந்தோடும் நிறுத்திக்கொண்டால் அச்சிக்கல் பெரும்பாலும் தீரும்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது தமிழர் வழக்கம். உசிலம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள் ஏழாம் மாதத்திற்குப்பின் மேலூரில் இருப்பாள். புகுந்த ஊர்ச் செவிலியரின் நோட்டில் இருக்கும் குறிப்பு பிறந்த ஊருக்கு வந்து சேராது. 'பிக்மி' எண் கொண்டு கணினியில் பதியும் முறை வந்தபின் ஆவணமும் அவளோடு பயணிக்கிறது. பழைய பதிவேட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதில் எண் அவள் கையில் இருப்பது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெறவும் அந்த எண்ணே வேண்டும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிறுவனங்களில் நடக்கின்றன. இந்த எண் பெண்கள் வந்து சேர்ந்ததைச் சொல்லும். வந்த இடத்தில் அவர்களிடம் எப்படிப் பேசினார்கள் என்பதைச் சொல்லாது.

ஆண் வரிசை, பெண் வரிசை

புறநோயாளர் சீட்டு வாங்கும் இடத்திலேயே திருநங்கையருக்குச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. எந்த வரிசை? எந்தக் கூடம்? தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் 2008-இல் அமைந்தது. ஆண், பெண் என்ற பிரிவில் அடங்காத உடற்கூற்றோடு பிறக்கும் ஊடுபால் குழந்தைகளின் நிலை இன்னும் கடினம். அவர்களை ஏதேனும் ஒரு பாலுக்குள் அடக்க அறியா வயதிலேயே அறுவை செய்துவந்தனர். மதுரையைச் சேர்ந்த கோபி ஷங்கர் இதைத் தொடர்ந்து எதிர்த்தவர். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஒரு திருமணப் பதிவு வழக்கின் தீர்ப்பில் இத்தகைய அறுவையைத் தடுக்க அரசுக்கு உத்தரவிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி குழந்தைகளுக்கு அவ்வறுவை கூடாது என்பது அதன் சாரம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள் தன்னார்வலராக வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர், மாத்திரை தருகின்றனர். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள் என்பதால் வாசலில் நின்று அக்கா, அத்தை என்று முறை சொல்லியே கூப்பிட முடிகிறது. அதே ஊர்க்காரர் என்பதாலேயே, எந்தத் தெருவுக்குள் எந்தத் தெருப் பெண் நுழைந்து கை பிடித்துப் பார்க்கிறாள் என்பதையும் ஊர் கவனித்துக்கொண்டிருக்கிறது.