மலக்குழி மனிதர்மேல் ஏறிய கதை

"அரசியலா? அது சாக்கடை ஐயா!" என்று சொல்லாத ஆள் நம் தோட்டப்புறத்தில் உண்டா? ஆங்கிலேயர் இதே வேலைக்குச் 'செஸ்பூல்' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். மலக்குழி என்பது அதன் நேர்ப்பொருள். ஊழல் மலிந்த இடம், ஒழுக்கங்கெட்ட கூட்டம் என்பது பின்னால் ஏறிய பொருள். இது எப்படி ஏறியது? மூக்கைப் பொத்திக்கொண்டு கேளுங்கள்.

வடிகாலில் வண்டல் தங்குவதற்குத் தோண்டிய குழியைத்தான் அச்சொல் முதலில் குறித்தது. பிறகு லண்டன் வீடுகளில் கக்கூசுக்குத் தோண்டிய குழிக்கு வந்தது. (கக்கூசு என்பதே டச்சுக்காரர் தந்த சொல்தான், மலாய்க்காரரும் அதை எடுத்துக்கொண்டார்கள்.) செங்கல் கட்டிய குழி அது. நீர் மண்ணில் கசிந்துவிடும், கெட்டியானது தங்கிவிடும். இரவில் ஆட்கள் வந்து அள்ளி, வயல்களுக்கு எருவாக வண்டியேற்றுவார்கள். அதனால் 'இரவு மண்' என்று அதற்கு நாகரிகமான பெயர். சிங்கப்பூரில் 1987 வரை வாளியில் சுமந்ததற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்.

அள்ளுவதற்குக் கூலி கொடுக்க வேண்டுமே! வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் பலர் அந்தக் காசை மிச்சம்பிடித்தார்கள். குழி நிறைந்து வழிந்தது. வசதி படைத்தவர்களும் தப்பவில்லை. 1660-இல் சாமுவேல் பெப்பிஸ் என்ற அரசாங்க அதிகாரி தம் வீட்டு நிலவறையில் இறங்கி, அண்டை வீட்டுக் குழியிலிருந்து வழிந்து கிடந்ததில் காலை வைத்துவிட்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் ஏறத்தாழ 2 லட்சம் குழிகள் இருந்தன. 1854-இல் பிராட் தெருப் பகுதியில் வாந்திபேதி கண்டு 600 பேருக்குமேல் இறந்தார்கள். நாற்றமே நோயைத் தருகிறது என்று ஊரே நம்பிய காலம். டாக்டர் ஜான் ஸ்னோ மட்டும் வீடு வீடாக விசாரித்து, தெருக் குழாய்க் கிணற்றின்மேல் சந்தேகம் கொண்டார். செப்டம்பர் 8-ஆம் நாள் அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். மறு ஆண்டு தோண்டிப் பார்த்தபோது, அருகிலிருந்த வீட்டின் மலக்குழிக்கும் அந்தக் கிணற்றுக்கும் ஏறக்குறைய மூன்றடி தூரந்தான்! குழியின் செங்கல் இற்றுப்போய்க் கசிந்திருந்தது. பேதி கண்ட ஒரு கைக்குழந்தையின் துணியை அலசிய நீரை, பாவம், தாய் அந்தக் குழியில்தான் ஊற்றியிருந்தாள்.

அந்தத் தாய் செய்த குற்றம் என்ன? குழியைக் கட்டியவள் அவளல்லள். கிணற்றை அதனருகில் வெட்டியவளும் அல்லள். ஆனால் நாற்றம் வேறு, அங்கே வாழ்கிறவன் வேறு என்று பிரித்துப் பார்க்க அக்காலத்துப் பெரியவர்களுக்கு மனம் வரவில்லை. அழுக்குத் தெருவில் இருப்பவனுக்கு அழுக்கான குணம் என்றார்கள். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த தெருக்களையே செஸ்பூல் என்று எழுதலானார்கள். வாடகை வாங்கியவனை யாரும் அப்படி அழைத்ததாகத் தெரியவில்லை! நம் சேரி என்ற சொல்லும் இப்படித்தான் சீரழிந்தது. பழந்தமிழில் அது மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான்.

1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் கரையிலிருந்த நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. பல்லாண்டு இழுபட்ட காரியத்துக்கு 18 நாளில் சட்டம் நிறைவேறிற்று. ஜோசப் பெசல்கெட் என்ற பொறியாளர் 82 மைல் நீளத்துக்குப் பெருங்கால்வாய்கள் கட்டினார். 1865-இல் அவை திறக்கப்பட்டன.

1887-இல் ஷெர்லாக் ஹோம்ஸின் முதற்கதை வெளிவந்தது. அதில் டாக்டர் வாட்சன், வேலைவெட்டி இல்லாதவர்களெல்லாம் வந்து வடிகிற பெரிய மலக்குழி என்று லண்டனை வருணிக்கிறார். பெசல்கெட்டின் கால்வாய்கள் ஓடத் தொடங்கி அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.