பள்ளிக்கூடம் போன எண்ணெய் பீப்பாய்

கரீபியத் தீவான டிரினிடாடை ஆண்ட பிரிட்டிஷார் 1880களில் முரசுக்குத் தடை போட்டார்கள். கார்னிவலில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் முழக்கிய தோல் முரசு அவர்கள் காதில் கலகமாக ஒலித்தது. தோல் போனதும் மூங்கில் வந்தது. பல நீளங்களில் வெட்டிய மூங்கில்களைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். 1930களில் பிஸ்கட் டின்னும் பெயின்ட் டப்பாவும் சேர்ந்துகொண்டன. நெளிந்த தகரம் இடத்துக்கு இடம் வேறு சுருதியில் ஒலிப்பதைப் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏழை இளைஞர்கள் கண்டுகொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டி 55 காலன் எண்ணெய் பீப்பாய் அவர்கள் கைக்கு வந்தது. அதன் தட்டைச் சுத்தியலால் கிண்ணமாகக் குழித்து, ஸ்வரங்களுக்கு எல்லை குத்தி, தீயில் சுட்டு, தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தார்கள். ஸ்டீல்பேன், சுருக்கமாகப் 'பேன்', பிறந்தது.

1951இல் 'பிரிட்டன் விழா'வுக்காக டாஸ்போ என்ற டிரினிடாட் ஸ்டீல்பேன் குழு லண்டன் சென்றது. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் வேண்டுமென்று நடத்துநர் ஜோசப் கிரிஃபித் பிடிவாதமாக இருந்ததால், ஐரோப்பிய இசையும் பீப்பாயில் பேசியது. குழு ஊர் திரும்பியபோது அதன் உறுப்பினர் ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் லண்டனிலேயே தங்கிவிட்டார்.

1948 முதலே கரீபியக் குடும்பங்கள் பிரிட்டனுக்குக் கப்பலேறி வந்துகொண்டிருந்தன. அவர்களுடைய பிள்ளைகள் படித்த லண்டன் பள்ளிகளுக்குள் 1960களின் இறுதியில் பேனைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர், டிரினிடாடியரான ஜெரால்ட் ஃபோர்சைத். வகுப்பறைக்கு அது வாகாகப் பொருந்தியது. வயலினில் சுத்தமான ஒரு ஸ்வரத்துக்கே மாதக்கணக்கில் சாதகம் செய்ய வேண்டும். பேனிலோ முதல் தட்டிலேயே நாதம் வரும். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத பிள்ளையும் காதால் கேட்டுப் பிடித்துக்கொள்ளும். உச்ச ஸ்வரப் பேன் மெட்டைச் சுமக்க, பெரிய பீப்பாய்கள் மந்தர ஸ்தாயியைத் தாங்க, முப்பது பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும்.

1980களில் கேலியும் கிளம்பியது. பன்முகப் பண்பாட்டுக் கல்வி என்பது 'சேலை, சமோசா, ஸ்டீல் பேண்ட்' என்று சுருங்கிவிட்டதாம். கேலியில் நியாயம் இருந்தது. பேனைத் தந்துவிட்டு, அதைப் பிறப்பித்த தடையைப் பற்றி வாயே திறக்காத வகுப்பு வெறும் அலங்காரம். கரீபியப் பிள்ளைக்குப் பேன், வெள்ளைக்காரப் பிள்ளைக்கு வயலின் என்று பிரிப்பது அதைவிட மோசம்.

டிரினிடாட் 1992இல் ஸ்டீல்பேனைத் தேசிய வாத்தியமாக்கியது. பள்ளிகள் அதற்குத் தரும் மரியாதையை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. பேனுக்கும் நாளடைவில் சுருதி கலையும். சேர்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களை அழைக்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் பள்ளியில் அது வாத்தியம். மற்ற பள்ளிகளில் அது விழா நாளன்று தூசி தட்டி எடுக்கப்படும் பீப்பாய்தான்.