காஞ்சிவரமும் தாத்தாவின் தராசும்

பொட்டி தட்டறவனுக்கு சரித்திரம் எதுக்குன்னு கேக்காதீங்க மக்கா, விஷயம் இருக்கு. போன வாரம் லீவுல காஞ்சிபுரம் போயிருந்தேன். பிள்ளையார்பாளையத்துல தாத்தா வீடு. பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒண்ணுல நூல் எடை போட்டுக் குடுக்கற வேலை பாத்து ரிடையர் ஆனவர். இப்ப முழுநேர உத்தியோகம், சினிமா பாத்துட்டு குறை சொல்றது. "தறி நெய்யறவனுக்கு ஏதுடா இப்படி ஒரு சட்டை?" ரேஞ்சுக்கு. சரி, நம்ம ஊர்ப் படமே காட்டுவோம்னு லேப்டாப்புல 'காஞ்சிவரம்' போட்டேன்.

பிரியதர்ஷன் எடுத்தது. 2008-ல டொராண்டோ பட விழாவுல காட்டினாங்க, 2009-ல இங்க தியேட்டருக்கு வந்துச்சு. 2007-ம் வருஷத்துக்கான தேசிய விருதுல சிறந்த படம், சிறந்த நடிகர் (பிரகாஷ்ராஜ்) ரெண்டும் இதுக்குத்தான். (படம் பாக்காதவங்க அடுத்த பத்தியைத் தாண்டிடுங்க.)

நெசவாளி வேங்கடம், பொறந்த பொண்ணுகிட்ட, "உன் கல்யாணத்துக்குப் பட்டுப்பொடவை"ன்னு வாக்கு குடுக்கறான். வாங்க வக்கில்லை. வேலை செய்யற எடத்துலேருந்து தினமும் கொஞ்சம் பட்டு நூலை வாயில அடக்கிக் கொண்டாந்து, ராத்திரில ரகசியமா நெய்யறான். கூலிக்காகப் போராட்டம் பண்ணினவனே, நூல் வேணுமேன்னு வேலைக்குத் திரும்பறான். கடைசில மாட்டிக்கறான். கதை 1948-ல முடியுது, பொடவை முடியலை.

எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. தாத்தா அசையலை. "நடிப்பெல்லாம் சரி. கணக்கு இடிக்குதுடா."

"என்ன தாத்தா கணக்கு?"

"நூலும் சரிகையும் எடை போட்டுத்தான் குடுப்போம். பொடவை வந்ததும் திரும்ப எடை. அறுந்தது, பிசிறுன்னு கழிவுக்குக் கொஞ்சம் விடுவோம், அவ்வளவுதான். வருஷக்கணக்கா எடுத்தா தராசு சொல்லாதா? அதை விடு. படத்துல கடன் பத்தலை. முதலாளிகிட்ட முன்பணம் வாங்கினவன் அதை அடைக்காம வேற தறிக்குப் போக முடியாது. அதுதான் விலங்கு."

இதைக் கேட்டதும்தான் உக்காந்து தேடினேன். 1904-ல கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வருது. அதே வருஷம் அக்டோபர்ல, அந்தச் சட்டத்துல இந்தியாவுலேயே முதல் நகரக் கடன் சங்கம் பதிவானது எங்கன்னு நினைக்கறீங்க? பம்பாயும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. நம்ம காஞ்சிபுரம்! கைத்தறித் துணியை விக்க கோ-ஆப்டெக்ஸ் வந்தது 1935-ல. ஆனா எல்லாத் தறிக்கும் சங்கம் போய்ச் சேரலை. தனியார் முதலாளிகிட்ட நெய்யறவங்க இன்னிக்கும் உண்டு.

இன்னொண்ணு. வேங்கடம் கதை முடியறது 1948. அடுத்த வருஷமே காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையான அண்ணாவோட 'வேலைக்காரி' படமா வருது. அதுல கதாநாயகனோட அப்பா தூக்கு மாட்டிக்கறதுக்குக் காரணம் என்ன? பணக்கார முதலியார்கிட்ட வாங்கின கடன்! தாத்தா சொன்ன விலங்கு, சினிமாவுல அப்பவே வந்துடுச்சு. தறியும் பட்டும்தான் வர இன்னும் அறுபது வருஷம் ஆச்சு, அதுவும் கேரளத்துலேருந்து ஒருத்தர் வந்து எடுக்க வேண்டியிருந்துச்சு.

ராத்திரி சாப்பிடறப்ப தாத்தா தானாவே ஆரம்பிச்சார்.

"ஒருத்தன் பொடவை கொண்டாந்தான். எடை குறைஞ்சுது. கழிவுக்கு மேலயே குறைஞ்சுது. நிமிந்து பாத்தேன், அவன் என்னைப் பாக்கலை, தராசையே பாத்துட்டிருந்தான். கழிவுன்னு எழுதிட்டேன்."

"பொண்ணு கல்யாணத்துக்கா தாத்தா?"

"சினிமா பாத்துக் கெட்டுப் போயிட்டடா நீ. நூலை வித்து அரிசி வாங்கியிருக்கான்."

அப்புறம் பேசலை. மோரை ஊத்திக்கிட்டார். அந்த நோட்டுல அவர் எழுதின பொய் அது ஒண்ணுதானான்னு கேக்க எனக்குத் தைரியம் வரலை.

டிஸ்கி: படத்துக்கு எத்தனை மார்க்குன்னு காலையில கேட்டேன். "பிரகாஷ்ராஜுக்கு நூறு. கணக்குப்பிள்ளைன்னு ஒருத்தன் வந்தான்னா அவனுக்கு முட்டை"ன்னுட்டார். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு விமர்சகர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.