தோட்டப் பள்ளியும் கற்பிக்கும் கருவியும்

கருவியைச் செய்வோன் ஒருவன். அதனைக் கையாள்வோன் மற்றொருவன். கையாள்வோன் அதனைப் பழகித் தேர்ந்த பின்னரே கருவி பயன் தருகின்றது. உழவுக்கும் நெசவுக்கும் பொருந்துகின்ற இவ்வுண்மை கல்விக்கும் பொருந்துவதே. வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளுக்குக் கற்பிக்கும் கருவிகள் வந்து சேர்ந்த வரலாற்றை நோக்குவார்க்கு இது நன்கு விளங்கும்.

கோலசிலாங்கூர் வட்டாரம் மலாயாவின் பழைய தோட்டப் பகுதிகளுள் ஒன்றாகும். ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டில் செம்பனை பயிரிட்டார். வாணிக நோக்குடன் இந்நாட்டில் அமைந்த முதற் செம்பனைத் தோட்டம் அதுவே. எனினும், நெடுங்காலம் இவ்வட்டாரத்தில் கோலோச்சியது ரப்பரே. பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து வந்தோரின் பிள்ளைகள் தோட்டத்திலேயே வளர்ந்தனர். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்துதல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்தது.

சட்டம் பள்ளியைத் தந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தரவில்லை. கணக்கெழுதும் கிராணியோ, ஓரளவு எழுத்தறிந்த கங்காணியோ கற்பித்த பள்ளிகள் பல. ஓராசிரியர், ஓரறை, பல வகுப்புகள் என்பதே பல தோட்டங்களின் அந்நாளைய நிலை. கரும்பலகையும் சிலேட்டுமே கருவிகள். ஒரு வகுப்பார் சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்க, மற்றொரு வகுப்பார்க்கு ஆசிரியர் வாய்பாடு சொல்லிக் கொடுப்பார். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோர்க்கு எழுத்தறிவிப்பான்.

இம்முறையைத் தாழ்வாக எண்ணுதல் தகாது. உலகக் கல்வி வரலாற்றிலேயே இதற்கு ஓர் இடமுண்டு. சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்காக நடந்த ஆதரவற்றோர் பள்ளியை 1789 முதல் மேற்பார்த்து வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். நாட்டுப் பள்ளியொன்றில் தமிழ்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதை அவர் கண்டார். தாளும் மையும் வேண்டாத அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்களோ அதற்கு இணங்கவில்லை. ஆகவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதனைத் திறம்பட நடத்தினான். பெல் 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே 'சென்னை முறை' இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவிற்று. மணல் அனைவர்க்கும் ஒன்றே; கற்க முன்வந்தவன் கையில்தான் அது கல்விக் கருவியாயிற்று. இதனை நினைவிற்கொண்டு பிற்கால நிகழ்ச்சிகளைக் காண்போம்.

துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்த காலத்தில், 1972 ஜூன் 19ஆம் நாள் மலேசியாவில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. சிலேட்டு ஆசிரியரின் விருப்பப்படி இயங்குவது. தொலைக்காட்சியோ தனக்கென நேர அட்டவணை உடையது. பல வகுப்புகளை ஒருங்கே நடத்தும் ஆசிரியர், ஒளிபரப்பு நேரத்திற்கேற்பத் தம் பாட வேளையை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து சென்றால் அது வேடிக்கையாகவே முடியும். ஒளிபரப்புக்கு முன் புதுச்சொற்களை விளக்கி, பின்னர் வினாக்கள் எழுப்பி, மறுநாள் எழுதவும் செய்தால்தான் அது பாடமாகும். இந்நுணுக்கம் பெட்டியோடு சேர்ந்து வருவதன்று. ஆசிரியர் முயன்று பெறுவது.

2003ஆம் ஆண்டில் வந்த மாற்றம் இதனினும் பெரிது. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் அவ்வாண்டு முதலாம் வகுப்பில் தொடங்கியது. அதற்கென ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் ஒளிபடக் கருவியும் பாடக் குறுவட்டுகளும் வழங்கப்பட்டன. தமிழிலேயே கற்பித்துப் பழகிய ஆசிரியருக்கு மொழியும் பொறியும் ஒருசேரப் புதியனவாயின. குறுவட்டு பேச, ஆசிரியர் ஒதுங்கி நிற்கும் இடர்ப்பாடு இதில் இருந்தது. படத்தை நடுவே நிறுத்தி, 'அடுத்து என்ன நிகழும்?' என்று பிள்ளைகளைக் கேட்கத் தெரிந்த ஆசிரியரே பொறிக்குத் தலைவரானார். அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. எனினும், கணினியைப் பழகிய கை அப்பழக்கத்தைத் தமிழ்ப் பாடத்திற்கும் கொண்டு சென்றது.

அதற்கான வழி முன்னரே அமைந்திருந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள், கணினியில் தமிழ் எழுதுவதை எளிதாக்கியது. 2001ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. தாய்மொழியில் தட்டெழுதக் கற்ற ஆசிரியர், தம் பிள்ளைகளின் தரத்திற்கேற்ற பயிற்சித் தாளைத் தாமே ஆக்கலாயினார். பிறர் செய்த பாடத்தைக் காட்டுபவர், தம் பாடத்தைத் தாமே செய்பவரானார். இதுவே மெய்யான முன்னேற்றம் எனலாம்.

இதற்கு மாறான பாடமும் உண்டு. ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் பிணைக்கும் பெருந்திட்டம் 2012 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் மெய்ந்நிகர் கற்றல் தளத்தைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிற்று. 2019இல் அத்திட்டம் முடிவுற்றது. மறு ஆண்டே, 2020 மார்ச் 18ஆம் நாள், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டன. அப்பொழுது, கற்றுவைத்திருந்த திறனே ஆசிரியருக்குத் துணையாயிற்று. வீட்டில் ஒரே கைப்பேசி உடைய குடும்பத்துப் பிள்ளைக்கு நேரலை வகுப்பு எட்டுவது அரிது. குரற்பதிவும் ஒரு பக்கப் பயிற்சியும் எட்டும். கருவியின் ஆற்றலோடு பிள்ளையின் நிலையையும் எண்ணியே பாடம் அமைக்க வேண்டும் என்பதை அக்காலம் உணர்த்தியது.

இன்று ரப்பர் மரங்கள் பெரிதும் மறைந்து செம்பனை நிற்கின்றது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. தோட்டத்தைவிட்டுக் குடும்பங்கள் பல வெளியேறின. இடம்பெயர்ந்த பள்ளிகள் சில தோட்டப் பெயரை மட்டும் தாங்கி நிற்கின்றன. பிள்ளைகள் குறைந்த சிறு பள்ளியில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக இருத்திக் கற்பிக்கும் நிலை இன்றும் நேர்கின்றது. சிலேட்டுக் கால ஆசிரியர் எதிர்கொண்ட அதே சிக்கல் இது.

எனவே, புதுக்கருவி வரும்போது அதற்கான பயிற்சியும் உடன்வருதல் வேண்டும். ஒருநாட் கூட்டத்தில் விரைந்து காட்டும் விளக்கம் போதாது. ஆசிரியர் தம் வகுப்பில், தம் பாடத்தில், தம் பிள்ளைகளோடு பழகிப் பார்த்து, தவறித் திருத்திக்கொள்ள நேரம் வழங்குதல் வேண்டும். முதிய ஆசிரியர் இளையவரிடம் கேட்டறிய நாணுதல் கூடாது. பாடம் அமைக்கும் முறையை இளையவர் முதியவரிடம் கற்றல் வேண்டும். எட்டு வயதுச் சிறுவனின் துணையோடு ஒரு கல்வி முறையே உருவானதை எழும்பூர் கண்டது. அங்ஙனமிருக்க, கோலசிலாங்கூர் ஆசிரியர்க்கு இஃது அரிதாமோ?