கோப்பன்ஹேகனில் ‘கறி’: ஒரு சொல்லின் வழியும் ஓர் ஆங்கில மரபுத்தொடரின் மயக்கமும்

டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி 1616இல் கோப்பன்ஹேகனில் தோன்றியது. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் காலூன்றிய டேனியர், இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, 1845 வரை அங்கு இருந்தனர். அவர்களை ஈர்த்த சரக்குகளுள் மிளகு முதன்மையானது. மிளகைக் ‘கறி’ என வழங்குவது சங்க இலக்கியம் அறிந்த வழக்கு.

இறைச்சி உருண்டைகளை மஞ்சள் நிறக் குழம்பிலிட்டு உண்பது டென்மார்க்கில் இன்று இல்லந்தோறும் பழகிய உணவு. அக்குழம்புப் பொடியின் பெயர் ‘கரி’. தரங்கம்பாடியிலிருந்து நேரே கப்பலேறிய சொல் இது என எண்ணத் தோன்றும். ஆனால் டேனிய அகராதிகள் இதனை ஆங்கிலவழி வந்த சொல்லாகவே காட்டுகின்றன. இரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட நேரடித் தொடர்பிருந்தும் சொல் இலண்டனைச் சுற்றி வந்தது வியப்பே.

ஆங்கிலத்தில் இச்சொல் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், போர்த்துக்கீசிய வடிவத்தின் சாயலோடு தலைகாட்டுகிறது. 1747இல் ஹன்னா கிளாசின் சமையல் நூலில் ‘கறி’ செய்முறையே இடம்பெற்றது. 1390ஆம் ஆண்டளவில் எழுந்த ‘ஃபோர்ம் ஆஃப் க்யூரி’ என்னும் ஆங்கிலச் சமையற் சுவடியைக் காட்டித் தமிழ் மூலத்தை மறுப்போர் உளர். அந்தக் ‘க்யூரி’ சமைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையடியாகப் பிறந்தது. கறிக்கும் அதற்கும் உறவில்லை.

மறுபுறம், முகத்துதியால் தயவு பெறுதலைக் குறிக்கும் ‘கரி ஃபேவர்’ என்னும் தொடரையும் தமிழோடு இணைக்கும் ஆர்வம் சிலரிடம் உண்டு. அதுவும் ஏற்கத்தக்கதன்று. இத்தொடரிலுள்ள ‘கரி’ குதிரையைத் தேய்த்துச் சீர்செய்தலைக் குறிக்கும். செம்மைப்படுத்துதல் எனப் பொருள்படும் பழம்பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. ‘ஃபேவர்’ தொடக்கத்தில் ‘ஃபேவல்’. 1310களில் பிரான்சில் எழுந்த அங்கதக் காவியமாகிய ‘ரோமான் தெ ஃபொவேல்’ என்பதன் தலைவனான குதிரையின் பெயரே அது. வஞ்சகத்தின் உருவான அக்குதிரையைப் பெரியோர் யாவரும் தடவிக்கொடுத்து நிற்பர் என்பது கதை. குதிரை மறக்கப்பட்டதும், ஒலியொத்த ‘ஃபேவர்’ அதன் இடத்தைப் பிடித்தது.

தமிழில் ‘காக்காய் பிடித்தல்’ என்பதைக் ‘கால் கை பிடித்தல்’ என்பதன் மரூஉவாகப் பலர் கொள்வர். அது உண்மையாயின், அங்கே விலங்கு மறைந்தது; இங்கே பறவை வந்து சேர்ந்தது.

டேனிய மொழியில் இக்குழப்பத்துக்கு இடமில்லை. குதிரையைத் தேய்த்தலுக்கு ‘ஸ்ட்ரிக்லே’ என்னும் வேறு வினை அங்கு உண்டு. அடுக்களைச் சொல்லும் இலாயச் சொல்லும் ஒரே எழுத்துருப் பெற்றது ஆங்கிலத்தில்தான்.